பெதும்பைப் பருவமும் தீப்பெட்டி ஆபீசும்

தமிழில் வயதுக்குப் பெயர் வைத்தவர்கள் புலவர்கள். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை என்று தொடங்கிப் பேரிளம்பெண் வரை ஏழு பருவங்களை உலா இலக்கியம் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. பாட்டியல் நூல்கள் தரும் வயதுக்கணக்கு நூலுக்கு நூல் சற்று மாறினாலும், பேதைக்கு 5 முதல் 7, பெதும்பைக்கு 8 முதல் 11, மங்கைக்கு 12, 13, மடந்தைக்கு 14 முதல் 19 என்பது பரவலாக வழங்கும் கணக்கு. பாட்டுடைத் தலைவன் வீதியில் பவனி வர, அவனைக் கண்டும் ஒன்றும் அறியாதவளாகப் பாவையோடு விளையாடிக் கொண்டிருப்பாள் பேதை. பெதும்பையோ ஏதோ ஒன்று புரிவதும் புரியாததுமான வாசற்படியில் நிற்பாள். இக்கால உளவியலார் நடுக் குழந்தைப் பருவம் என்றும் வளரிளம் பருவம் என்றும் இரண்டாகப் பிரித்துப் பேசும் ஆண்டுகளை நம் புலவர்கள் மூன்று சொற்களால் அளந்திருக்கிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

சாத்தூர் வட்டாரத்துக் கரிசல் கிராமங்களில் பெதும்பையர் காத்திருந்த பவனி வேறு. விடியற்காலை நான்கு மணிக்குத் தீப்பெட்டி ஆலையின் பேருந்து ஊர் மந்தையில் வந்து நின்று ஒலி எழுப்பும். ஆலை என்று நாம் எழுதுகிறோமே தவிர அவ்வூர்களில் அதற்குப் பெயர் 'தீப்பெட்டி ஆபீஸ்'. 'பிள்ளை ஆபீசுக்குப் போயிருக்கு' என்று ஒரு தாய் சொன்னால், வெளியூர்க்காரர் அந்தப் பிள்ளைக்கு 20 வயதாவது இருக்கும் என்று நினைத்துக்கொள்வார். ஒன்பதும் பத்துமான வயதுகளையே அந்தச் சொல் குறித்த காலம் ஒன்று இருந்தது. எங்களில் சிலர் அக்காலத்தின் கடைசிப் பகுதியில் இவ்வட்டாரத்துப் பள்ளிகளில் படித்தவர்கள். நான்காம் வகுப்பில் எங்களோடு அமர்ந்திருந்த பெண் பிள்ளைகளில் பாதிப்பேர் ஆறாம் வகுப்பில் இல்லை. அவர்கள் எங்கே போனார்கள் என்று அப்போது நாங்கள் கேட்கவில்லை, ஏனெனில் அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எட்டு வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடையில் ஒரு பிள்ளையை உருவாக்குபவை எவை? குடும்பம், பள்ளி, தோழமை, உணவு, உறக்கம், உடல்மாற்றம் என்று பாடநூல்கள் அடுக்கும். இவையெல்லாம் சாத்தூரில் எப்படி நேர்ந்தன என்று பார்த்தால், அப்பட்டியல் ஒரு நூற்றாண்டு வரலாறாக விரிகிறது.

வறுமையில் இருந்துதான் இக்கதையை எல்லோரும் தொடங்குவார்கள். அதில் தவறில்லை. வைப்பாறு ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு. வானம் பார்த்த கரிசலில் பருத்தியும் கம்பும் சோளமும் விளைந்தால் விளைந்தது, இல்லையேல் இல்லை. ஆனால் வறுமை மட்டும் பிள்ளைகளை ஆலைக்கு அனுப்பவில்லை. இதைவிட வறண்ட வட்டாரங்கள் தமிழகத்தில் உண்டு, அங்கெல்லாம் நான்கு மணிப் பேருந்து வரவில்லை. இங்கே ஆலை வந்ததற்குத் தனி வரலாறு இருக்கிறது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, அடுத்த ஆண்டு ஊர் திரும்பித் தொழில் தொடங்கினர். இயந்திரத்தைவிடக் கைவேலையே ஆதாயமானது என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. மழை குறைந்த, காற்றில் ஈரம் குறைந்த நிலம் குச்சியும் மருந்தும் உலர்வதற்கு உகந்ததாக அமைந்தது. வேளாண்மைக்குச் சாபமான வெயில் தீப்பெட்டிக்கு வரமாயிற்று. பிற்காலத்தில், கையால் செய்யும் சிறு ஆலைகளுக்கு அரசு கலால் வரியில் சலுகை தந்தது. பெரிய இயந்திர ஆலைகளின் முன் குடிசைத் தொழில் நசிந்துவிடலாகாது என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் எத்தனை கைகள் என்று பார்த்த வரிச்சட்டம், அக்கைகளுக்கு என்ன வயது என்று பார்க்கவில்லை.

இதே மண்ணில்தான் பள்ளிக்கூடத்தின் கதையும் நடந்தது. விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அரசு கட்டிய பள்ளி அன்று. வணிகர்கள் தம் வியாபாரத்தில் இருந்து எடுத்துவைத்த மகமைப் பணமும் வீடுதோறும் பெண்கள் எடுத்துவைத்த பிடி அரிசியும் அதை வளர்த்தன. ஒரே வணிகச் சமூகம் ஒரு கையால் பள்ளியையும் மறு கையால் ஆலையையும் கட்டியது என்று நாம் சொல்வது குற்றம் சாட்டுவதற்காக அன்று. இவ்வட்டாரத்தில் பள்ளியும் ஆலையும் ஒன்றையொன்று அறியாத இரு உலகங்களாக ஒருபோதும் இருந்ததில்லை என்பதை நினைவில் கொள்ளவே.

அந்த வித்தியாசாலையில் படித்த சிறுவர்களில் ஒருவர் காமராசர். 1903இல் பிறந்து, சிறுவயதிலேயே தந்தையை இழந்து, 12 வயதை ஒட்டிப் பள்ளியை விட்டு மாமனின் துணிக்கடைக்கு வேலைக்குப் போனவர். பெதும்பைக்கும் மங்கைக்கும் இடைப்பட்ட அதே முனை. தம் வாழ்வு முறிந்த இடத்தை அவர் மறக்கவில்லை என்றே அவருடைய ஆட்சிக்காலச் செயல்கள் காட்டுகின்றன. 1953இல் இராஜாஜி கொண்டுவந்த, அரைநாள் பள்ளி மீதிநேரம் பெற்றோர் தொழில் என்ற திட்டத்தைக் காமராசர் அரசு 1954இல் கைவிட்டது. ஊருக்கு ஒரு மைலுக்குள் தொடக்கப்பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப்பள்ளி என்பது அவ்வரசின் கனவாயிற்று. மதிய உணவுத் திட்டம் 1956இல் சாத்தூருக்குத் தெற்கே, கோவில்பட்டிக்கு அப்பால் உள்ள எட்டயபுரத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. அவர் 1957லும் 1962லும் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தொகுதி எது தெரியுமா? சாத்தூர்.

ஆக, தமிழகத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்த முதலமைச்சரின் தொகுதியே, அடுத்த கால் நூற்றாண்டுக்குள் குழந்தை உழைப்புக்காக உலகம் பேசும் வட்டாரத்தின் பகுதியாயிற்று. இதை முரண் என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. நாம் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

ஒரு மைல், ஐந்து மைல் என்ற அளவுகளைக் கவனியுங்கள். ஏழு வயதுப் பேதைக்குப் பள்ளி தெருமுனையில் இருந்தது. பதினொரு வயதில், உடலில் மாற்றம் தொடங்கும் வேளையில், ஊர் அவளைப் பார்க்கும் பார்வை மாறும் வேளையில், பள்ளி ஐந்து மைலுக்கு நகர்ந்துவிட்டது. வெட்டவெளிக் கரிசல் தடத்தில் அவளைத் தனியே அனுப்ப எந்த வீடும் துணியவில்லை. ஆலையின் பேருந்தோ வீட்டு வாசலுக்கு வந்தது. ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் அதில் சேர்ந்து போனார்கள், சேர்ந்து வந்தார்கள். பெண் பிள்ளையின் 'பாதுகாப்பு' என்ற ஒன்றை வைத்துப் பார்த்தால், பெற்றோர் கண்ணில் பள்ளியைவிட ஆபீசே பத்திரமான இடம். ஸ்மிது கோத்தாரி 1983இல் ஆங்கில வார இதழொன்றில் எழுதிய கட்டுரைதான் வெளியுலகுக்கு இந்த ஏற்பாட்டைப் பரவலாக அறிவித்தது. ஊருக்கு ஓர் ஏஜென்ட், பிள்ளைகளைச் சேர்த்துவிட அவருக்குப் பணம், பெற்றோர்க்கு முன்பணம், விடியுமுன் கதவைத் தட்டி எழுப்புவதற்கு ஆள் என்று எல்லாம் முறையாக நடந்தது. ஒரு பிள்ளையைக் காலையில் எழுப்பிவிடுவதற்கு இவ்வளவு அக்கறையான நிறுவனம் ஒன்று அதற்கு எதிரே நின்றது. பள்ளிக்கூடத்தின் சார்பில் கதவைத் தட்ட யாரும் வரவில்லை.

இனி ஆபீசுக்குள் போவோம். தீப்பெட்டி வேலையில் சிறுவிரல்கள் மிகுதியும் செய்தது கட்டை அடுக்குதல். வரிப்பள்ளம் வெட்டிய மெல்லிய சட்டங்களில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு குச்சியாக வைத்து, சட்டத்தின்மேல் சட்டமாக அடுக்கி, இறுக்கிக் கட்டினால் அது ஒரு கட்டை. அதைத்தான் மருந்தில் முக்குவார்கள். அடுத்தது பெட்டி ஒட்டுதல், குச்சியடைத்தல், லேபிள் ஒட்டுதல். எல்லாமே எண்ணிக்கைக் கூலி. கட்டைக்கு இவ்வளவு, குரோசுக்கு இவ்வளவு என்று. காலை மடக்கித் தரையில் அமர்ந்து, குனிந்த முதுகோடு, மருந்து வாடையில் பத்து, பன்னிரண்டு மணிநேரம்.

எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் 1950இல் வெளிவந்த தம் நூலில் மனித வாழ்வை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தார். அவற்றில் நான்காவது, ஏறத்தாழ 6 முதல் 12 வயது வரையிலானது. அந்த வயதுப் பிள்ளையின் உள்ளே நடக்கும் போராட்டத்துக்கு அவர் வைத்த பெயர் 'இண்டஸ்ட்ரி' எதிர் தாழ்வுணர்வு. உழைப்பூக்கம் என்று நாம் அதைத் தமிழாக்கலாம். விளையாட்டு மட்டும் போதாமல், ஒன்றைச் செய்து முடித்துக் காட்ட வேண்டும், 'இவளால் முடியும்' என்று பெரியவர்கள் சொல்ல வேண்டும் என்ற தாகம் அப்பருவத்துக்கு உரியது. தாகம் தணிந்தால் திறமையுணர்வு, தணியாவிட்டால் 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம். (இந்தியாவுக்கு வந்து அகமதாபாத்தில் தங்கி, 1918ஆம் ஆண்டு ஆலை வேலைநிறுத்தத்தை மையமாக்கிக் காந்தியைப் பற்றி எழுதியவரும் இதே எரிக்சன்தான்.) அந்த ஆங்கிலச் சொல்லுக்கு ஊக்கமான உழைப்பு என்றும் தொழில்துறை என்றும் இரு பொருள். எரிக்சன் முதற்பொருளில் சொன்னதைச் சாத்தூர் இரண்டாம் பொருளில் நிறைவேற்றிவிட்டது.

இதைச் சொற்சிலம்பமாகச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், சாத்தூரை அடுத்த ஒரு கிராமத்தில், சிறுவயதில் ஆபீசுக்குப் போன பெண்மணி ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தோம். இப்போது ஐம்பதைக் கடந்தவர். 'எத்தனாவது வரைக்கும் படிச்சீங்க அக்கா?' என்று கேட்டோம்.

'மூணாப்பு தாண்டல தம்பி. பள்ளிக்கூடத்துல நான் எந்த மூலைல உக்காந்திருப்பேன்னு வாத்தியாருக்கே தெரியாது. மக்குன்னுதான் கூப்பிடுவாரு. ஆபீசுல கணக்கப்பிள்ளைக்கு எம் பேரு தெரியும். கட்டை அடுக்குறதுல என்னைய முந்த ஆளு கெடையாது.'

சொல்லும்போது அவர் கை தானாக அசைந்தது, விரல்கள் எதையோ வரிசையில் வைப்பதுபோல. அவர் குரலில் இருந்தது பெருமைதான் என்பதை நாங்கள் மறைக்க விரும்பவில்லை. குழந்தை உழைப்பைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இப்பெருமையை எழுதுவதில்லை, தம் வாதம் வலுவிழந்துவிடும் என்ற அச்சத்தால். ஆனால் இதைச் சொல்லாவிட்டால் பிள்ளைகள் ஏன் பள்ளியில் இருந்து ஓடினார்கள் என்பது விளங்காது. பிரம்பும் 'மக்கு' என்ற பட்டமும் தந்த தாழ்வுணர்வுக்கு எதிரே, எண்ணிப் பார்க்கத்தக்க, யாரும் மறுக்கமுடியாத ஒரு வெற்றியைக் கட்டை தந்தது.

அந்த வெற்றியின் எல்லை எது என்பதே கேள்வி. பன்னிரண்டு டஜன் ஒரு குரோஸ், அதாவது 144. வாய்ப்பாடு அறியாத பிள்ளைகளுக்கும் இது மனப்பாடம். பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரத் தெருக்களில் இளநீரும் பழமும் விற்ற 9 முதல் 15 வயதுப் பிள்ளைகள் சிலரிடம் நடத்தி 1985இல் வெளியான ஆய்வொன்று இங்கே நினைவுக்கு வருகிறது. கடையில் வாடிக்கையாளராகக் கேட்டபோது அப்பிள்ளைகள் 98 விழுக்காடு கணக்குகளைச் சரியாகச் சொன்னார்கள். அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகத் தந்தபோது சரியான விடைகள் 37 விழுக்காடுதான். வேலை அறிவைத் தருகிறது, ஆனால் அறிவை வேலையோடு சேர்த்தே கட்டிவிடுகிறது என்று நாம் இதை வாசிக்கலாம். ரெசிஃபிப் பிள்ளையாவது விலை பேசியது, மீதி கொடுத்தது, நாளுக்கொரு புதுக் கணக்கைச் சந்தித்தது. கட்டை அடுக்கிய பிள்ளைக்கு அதுவும் இல்லை. ஒரு மாதத்தில் கற்றுக்கொண்ட வேலையையே அது பத்தாண்டுகள் செய்தது. பியாஜே சொன்ன வளர்ச்சிப்படிகளில், கண்முன் உள்ள பொருளை விட்டு 'இப்படி இருந்தால் என்னவாகும்' என்று சிந்திக்கத் தொடங்குவது 11, 12 வயதில். அந்தச் சிந்தனைக்குத் தீனி வேண்டும். ஆபீசில் அது கிடைக்கவில்லை.

இங்கிலாந்தும் இதைக் கடந்துதான் வந்தது. 1844ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் எட்டு வயதுப் பிள்ளைக்கு அரைநாள் ஆலை, அரைநாள் பள்ளி என்று வகுத்தது. அந்த 'அரைநேர' முறையை முழுதாக ஒழிக்க 1918ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வரவேண்டியிருந்தது. இலண்டன் தீப்பெட்டி ஆலைப் பெண்களின் 1888 வேலைநிறுத்தம் உலகறிந்தது. அதில் ஈடுபட்டவர்களில் பலர் பதின்வயதினர். வெண்பாஸ்பரஸ் அவர்களுடைய தாடையெலும்பை அரித்தது. அந்த நஞ்சு சாத்தூர்த் தீப்பெட்டியில் இல்லை என்பது ஓர் ஆறுதல்.

சாத்தூர்–சிவகாசி வட்டாரத்தில் எத்தனை பிள்ளைகள் உழைத்தார்கள்? 1980களைப் பற்றி இருவேறு எண்கள் இன்றும் சுற்றி வருகின்றன. யுனிசெஃப் மதிப்பீடாக மேற்கோள் காட்டப்படும் எண் 45,000. 1985 டிசம்பர் 31 நிலவரப்படி தொழிற்சாலை ஆய்வாளர் தந்து, பின்னர் உச்சநீதிமன்றத் தீர்ப்பில் பதிவான கணக்கோ, பதிவுபெற்ற 221 தீப்பெட்டி ஆலைகளில் 27,338 தொழிலாளர், அவர்களில் குழந்தைகள் 2,941. இரண்டில் எது உண்மை என்று வாதிடுவதைவிட, இரண்டுக்கும் இடையில் உள்ள வெளியில் யார் இருந்தார்கள் என்று கேட்பது பயனுடையது. பதிவில்லாத ஆலைகளில் இருந்தவர்கள், வீட்டுத் திண்ணையில் அம்மாவோடு பெட்டி ஒட்டியவர்கள், ஆய்வாளர் வரும் நாளில் பின்வாசல் வழியே அனுப்பப்பட்டவர்கள்.

இன்னொரு எண்ணும் உண்டு. பொதுத்தேர்வுத் தேர்ச்சி விகிதத்தில் விருதுநகர் மாவட்டம் பல்லாண்டுகள் மாநிலத்தின் முதலிடத்தில் நின்றது. நாங்கள் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டவர்கள்தாம். தேர்வு எழுதியவர்களில் தேறியவர் எத்தனை என்பதைத்தான் அவ்விகிதம் சொல்லும். ஐந்தாம் வகுப்போடு காணாமற்போனவர்கள் அதன் கீழ்வாயில் இல்லை.

வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1986இல் உச்சநீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு இரண்டு தீர்ப்புகளைத் தந்தது. முதலாவது 1990 அக்டோபர் 31இல். தீப்பெட்டி, பட்டாசு உற்பத்தி நடக்கும் இடத்தில் குழந்தைகள் இருத்தலாகாது என்ற அத்தீர்ப்பு, பொருள்களைத் தரம்பிரிக்கவும் அடுக்கிக் கட்டவும் இளங்கைகள் பொருத்தமானவை என்று கருதி, தொலைவான இடத்தில் அவ்வேலையைச் செய்யலாம் என்று இசைந்தது. பெரியவர்களின் குறைந்தபட்சக் கூலியில் 60 விழுக்காடாவது தரவேண்டும் என்றும் சொன்னது. ஆலை முதலாளிகள் சொல்லிவந்த 'பிஞ்சு விரல்' வாதம் நாட்டின் மிக உயர்ந்த மன்றத்திலும் எதிரொலித்ததைப் படிக்கையில் இன்றும் நமக்குச் சங்கடமாக இருக்கிறது. ஆறாண்டுகள் கழித்து, 1996 டிசம்பர் 10இல் அதே வழக்கில் வந்த தீர்ப்பு வேறு குரலில் பேசியது. பணியமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும். அக்குடும்பத்தின் பெரியவர் ஒருவருக்கு வேலை தரவேண்டும், இயலாவிடில் அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். அத்தொகையின் வட்டி பிள்ளையின் படிப்புக்கு. அந்த ஆறாண்டுக்குள் என்ன மாறியது? சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் உலகெங்கும் ஓடியது. மைரன் வீனர் 1991இல் எழுதிய நூலில், இந்தியாவில் குழந்தை உழைப்பு நீடிப்பதற்கு வறுமையைவிட, கட்டாயக் கல்வியில் மேல்தட்டினருக்கு நம்பிக்கை இல்லாததே காரணம் என்று வாதிட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, அறிவொளி இயக்கம் இவ்வூர்த் திண்ணைகளில் விளக்கேற்றியது. தாய்மார்கள் கையெழுத்துப் போடக் கற்ற அந்த 1990களின் தொடக்கம் பிள்ளைகளின் வாழ்விலும் எதையோ திருப்பியது என்பது எங்கள் கணிப்பு.

ஆயினும் தீர்ப்புகளுக்கு முன்பே தொடங்கிய மெல்லிய மாற்றங்களை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டம் 1982 ஜூலை 1இல் தொடங்கியபோது, அது இரண்டு முதல் ஒன்பது வயது வரையிலான பிள்ளைகளுக்கே. பத்து வயது முதல் 15 வயது வரையிலானவர்களுக்கு அது விரிந்தது 1984 செப்டம்பரில். அந்த இரண்டாண்டு இடைவெளியில் பத்து வயதை எட்டிய ஒரு கரிசல் பிள்ளையின் நிலையை எண்ணிப் பார்க்கிறோம். பள்ளியில் சோறு நின்றது, மந்தையில் பேருந்து நின்றது. சட்டமும் திட்டமும் வயதைக் கோடாகப் போடும் இடத்திலெல்லாம் ஆலை தன் கதவைத் திறந்துவைத்திருந்தது.

1989இல் வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தையும் இங்கே சொல்லவேண்டும். எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணுக்கு 5,000 ரூபாய். சீர்திருத்தவாதிகள் சிலர் இதைத் திருமணத்துக்கு அரசு தரும் சீதனம் என்று நகையாடினர். ஆனால் தன் கல்யாணத்துக்கான தோட்டையும் பாத்திரத்தையும் தானே கட்டை அடுக்கிச் சேர்க்கவேண்டும் என்றிருந்த ஊரில், எட்டாம் வகுப்பு வரை போனால் அதில் ஒரு பகுதி கிடைக்கும் என்பது தாய்மார்களுக்குப் புரிந்த மொழி. பின்னாளில் அத்தகுதி பத்தாம் வகுப்பாக உயர்ந்தது. 2022இல் அத்திட்டமே உருமாறி, அரசுப் பள்ளியில் படித்த பெண்களின் உயர்கல்விக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமாயிற்று. பிறகு மிதிவண்டி. 2001-02இல் பட்டியலின, பழங்குடி மாணவியருக்கு என்று தொடங்கி, பின்னர் அனைவருக்குமாக விரிந்த அந்த இலவச மிதிவண்டிதான், காமராசர் காலத்து ஐந்து மைலுக்கு நாற்பது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த விடை என்று தோன்றுகிறது.

வளரிளம் பருவத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குக் கீழே மட்டும் பார்த்தது. 14 நிறைந்த மறுநாளே ஒரு பெண் பட்டாசுத் தொழிலுக்குள் போவதை அச்சட்டம் தடுக்கவில்லை. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் 14 முதல் 18 வரையிலான வளரிளம் பருவத்தினர் என்ற பிரிவு அதில் நுழைந்தது. சுரங்கம், எளிதில் தீப்பற்றும் பொருள்கள், வெடிபொருள் போன்றவற்றில் இருந்து அவர்கள் விலக்கப்பட்டனர். மடந்தைக்குத் தனிப் பருவம் உண்டு என்று உலாப் புலவர் எழுதிப் பல நூற்றாண்டுகள் கழித்து.

ஆபீஸ் அவ்வயதிடம் இருந்து எடுத்துக்கொண்டவற்றுள் எல்லோரும் மறந்துவிடுவது உறக்கம். 6 முதல் 12 வயது வரை நாளுக்கு 9 முதல் 12 மணிநேரம், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணிநேரம் உறங்கவேண்டும் என்பது அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் தந்த பரிந்துரை. பூப்பெய்தும் வயதில் உடலின் கடிகாரமே பின்தள்ளிப் போகிறது, இரவில் தாமதமாகத்தான் தூக்கம் வரும் என்கிறது ஆய்வு. நான்கு மணிப் பேருந்து அந்தக் கடிகாரத்துக்கு நேர் எதிராக ஓடியது. பேருந்திலேயே ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிப்போன பிள்ளைகளை எங்களில் பலர் கண்டிருக்கிறோம்.

கொடுத்தவையும் இருந்தன. கூட்டாளிகள் இருந்தார்கள். சினிமாப் பாட்டு இருந்தது. சனிக்கிழமை கையில் கூலி இருந்தது. பூவும் ரிப்பனும் சாத்தூர்ச் சேவுப் பொட்டலமும் தன் காசில் வாங்கிய பெண்ணுக்கு, வீட்டுச் சுவருக்குள் அடைபட்டவளுக்கு இல்லாத ஒரு நிமிர்வு வந்தது. ச. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' கதையை அடியாகக் கொண்டு 2008இல் வந்த 'பூ' திரைப்படத்தின் மாரியை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டாசு ஆலைக்குப் போகும் அப்பெண்ணின் சிரிப்பு பொய்யன்று. அந்தக் காசில்தான் அவளைப் போன்றோரின் தம்பிகள் படித்தார்கள் என்பதும் பொய்யன்று. நம் தலைமுறையில் இவ்வட்டாரத்தில் இருந்து படித்து வெளியேறிய எத்தனையோ ஆண்களின் சான்றிதழுக்குப் பின்னால் அக்காமார்களின் மருந்து வாடை இருக்கிறது. இதை எழுதுவோரில் ஒருவருக்கு அது சொந்தக் கதை.

தீப்பெட்டிக் கட்டை இன்று பெரும்பாலும் இயந்திரத்தின் வேலை. பிள்ளைகள் வெளியேறியதால் இயந்திரம் வந்ததா, இயந்திரம் வந்ததால் பிள்ளைகள் வெளியேறினார்களா என்பதற்கு ஒற்றைவரி விடை இல்லை. 2017இல் சரக்கு-சேவை வரி வந்தபோதும் கைத்தீப்பெட்டிக்கு 5, இயந்திரத் தீப்பெட்டிக்கு 18 விழுக்காடு என்று பழைய பாகுபாடே தொடர்ந்தது. 2020 ஏப்ரலில் இரண்டும் 12 ஆக ஒன்றாயின. 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம், அதன் சிறப்புப் பள்ளிகளோடு, 2021இல் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்துக்குள் கரைக்கப்பட்டது. பட்டாசு மட்டும் இன்னும் கைகளையே நம்பியிருக்கிறது. 2021 பிப்ரவரி 12இல் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர்களில் கல்லூரி மாணவி ஒருவரும் இருந்தார் என்று அன்றைய செய்திகள் கூறின. பள்ளியை முழுதாக முடித்து, கல்லூரிக்கும் சென்ற ஒரு பெண்.

நான்கு மணிக்கு மந்தையில் நின்ற பேருந்து பிள்ளைகளை வெறும் வயிற்றோடு ஏற்றிச்சென்றது. விடியற்காலையில் பிள்ளைக்கு ஒன்றைத் தரவேண்டும் என்று அரசு முதலில் நினைத்தது 2022 செப்டம்பர் 15இல், மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அது மாநிலத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. சாத்தூர் ஒன்றியத்துப் பள்ளி ஒன்றில், காலை எட்டரை மணிக்கு, பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கு நாம் முன்னர் சொன்ன பெண்மணியின் பேத்தியும் நின்றாள். ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்புக்கு எங்கே போகப்போகிறாய் என்று கேட்டோம். சாத்தூருக்கு, பேருந்தில் என்றாள். அங்கே காலையில் சாப்பாடு போடுவார்களா என்று அவள் எங்களைக் கேட்டாள். அத்திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது என்று அவளிடம் சொன்னோம்.